மடிப்பின் மேல் ஒரு சொட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வலியைக்கூடத் தாங்கத் தெரியவில்லை என்பது செக்கரின் கட்சி. தும்மினால் டாக்டர். இருமினால் பெரிய டாக்டர். அவர் சொன்னதையாவது கேட்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. வாசலுக்கு வந்ததும் ஃபோனை எடுத்து, டாக்டர் சொன்னது சரிதானா என்று அதில் தட்டிப் பார்க்கிறார்கள். நம்பாதவன் எதற்குப் போகிறான்? முழங்கால் வலிக்கிறதா, கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கு, விழுங்கு, வேலையைப் பார். இதற்கெல்லாம் ஒரு படிப்பா?

மச்சானின் சலூனில், சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடமே இதையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து புது மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். இடுப்பிலிருந்து பழைய டிக்கெட் பஞ்ச்சை உருவினார். அட்டையின் மூலையில் வைத்து ஒரு அழுத்து. பிறை நிலா மாதிரி ஒரு ஓட்டை விழுந்தது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக உழைத்து ஓய்ந்தவர். வேலையை விட்டார், பஞ்ச்சை விடவில்லை. செய்தித்தாள், சோப்பு உறை, மாத்திரை அட்டை, எதுவாக இருந்தாலும் தன்னுடையது என்றால் அதில் ஒரு பிறை விழ வேண்டும். யாரையும் நம்பாத மனுஷருக்கு அது ஒரு நிம்மதி.

"நல்லவேளை அத்தான்," என்றார் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சான். "எங்க அக்காவைக் கட்டிக்கிட்டப்போ நீங்க இந்த வேலைக்குச் சேரல. சேர்ந்திருந்தா அவங்க காதுல இன்னொரு ஓட்டை விழுந்திருக்கும்."

"உங்க அக்காகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. உங்களைக் கட்டிக்கிட்டு அவங்களுக்கும் சிரிக்க ஒரு காரணம் வேணும்ல."

ஓய்வுக்குப் பிறகு செக்கருக்கு இன்னொரு தொழில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. காணாமல் போன பொருள், கையும் களவுமாகப் பிடிபடாத ஆள் என்றால் அக்கம்பக்கத்தார் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மனைவியின் தம்பியான இந்த முடிதிருத்துபவர் அவருக்குக் கூட்டாளி. சலூனில் முடியோடு சேர்ந்து ஊர்க்கதையும் விழும். கூட்டும்போது மச்சான் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்.

அன்றைக்குக் காலையில்தான் ஒரு வழக்கு முடிந்திருந்தது. அப்படித்தான் செக்கர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தெருவில் இருக்கிற சலவைக் கடையிலிருந்து தங்கும் விடுதி ஒன்றுக்குத் துணி போகிறது. கொஞ்ச நாளாக வெள்ளைத் துணியில் இரத்தப் பொட்டு. இன்னொரு தடவை வந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்று விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது முதலாளியம்மாவின் சந்தேகம். செக்கர் போனார். வேலையாட்களை வரிசையாக நிறுத்தினார். அவருக்கு ஒரே ஒரு சூத்திரம்தான் உண்டு: டிக்கெட் எடுத்தவன் பையைத் தடவுவான், எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான். வரிசையில் ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். பட்டன் தைக்கிற பெண். கையைப் புடவைக்குள் வேறு ஒளித்தாள். நீட்டச் சொன்னால், விரலில் பிளாஸ்திரி.

"இவதான்," என்றார் செக்கர்.

கடை சாத்தியதும் கிளம்பிவிடு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளியம்மா சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. "எங்க வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் ஐயா," என்று மட்டும் சொன்னாள். பிடிபட்ட எல்லோரும் சொல்வதுதான் என்று செக்கர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எல்லாம் சரி அத்தான்," என்றார் மச்சான். "ஒரே ஒரு சந்தேகம். கறை எதுல எதுல இருந்துச்சு?"

"தலையணை உறை. பெட்ஷீட்."

"ஓ." மச்சான் சீப்பைத் தட்டினார். "பெட்ஷீட்டுக்குப் பட்டன் எந்தப் பக்கம் வைப்பாங்க?"

கண்ணாடியில் இருந்த முகம் கொஞ்ச நேரம் செக்கரையே பார்த்தது.

"கடையைச் சாத்து," என்றார் அவர்.

*

சலவைக் கடையில் ஆவியும் சோப்பு நெடியும். பட்டன் தைக்கிற பெண் வாசலோரத்து ஸ்டூலில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கடை சாத்துவதற்காகக் காத்திருந்தாள். வேலை கொடுக்கவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. நேரத்துக்கு முன்னால் போனால் வீட்டில் என்ன சொல்வது என்று உட்கார்ந்திருந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

செக்கர் அவள் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்.

முதலாளியம்மா ஒரு பெட்ஷீட்டைத் தூக்கிக் காட்டினார். "இப்பதான் பார்த்தேன். இன்னிக்கு மடிச்சது. அவளைக் காலையிலயே உட்கார வச்சாச்சு. இது எப்படி ஐயா?"

செக்கர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மூலையில் விடுதியின் பெயர் போட்ட அடையாளத் துணி. அதை ஒரு ஊக்கு பிடித்திருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. பிரித்தார். உள் மடிப்பில் ஒன்றுமில்லை.

"இஸ்திரி போடறதுக்கு முன்னாடி விழுந்திருந்தா சூட்டுல கருகியிருக்கும்," என்றார் மெதுவாக. "மடிக்கிறதுக்கு முன்னாடி விழுந்திருந்தா உள்ளேயும் ஒட்டியிருக்கும். இது எல்லாம் முடிஞ்சு, ஊக்கு குத்தும்போது விழுந்தது. ஊக்கு யார் குத்தறது?"

"இஸ்திரி போடறவர்தான். அவரே மடிப்பார், அவரே குத்துவார்."

"எங்கே?"

"ஜலதோஷம்னு மத்தியானமே போயிட்டார். மூக்கைப் பொத்திக்கிட்டே போனார்."

இஸ்திரிக்காரர். காலையில் அவரும் வரிசையில் நின்றார். செக்கருக்குப் பிடித்த ஆள்; செக்கரின் சட்டைக்குக் கஞ்சி எவ்வளவு என்று கேட்காமலே தெரிந்தவர். வரிசையில் அவர் சட்டைப் பையைத் தடவினார். டிக்கெட் வைத்திருப்பவன் என்று செக்கர் தாண்டிப் போய்விட்டார்.

மச்சான் இஸ்திரி மேஜைக்கு அடியில் குனிந்து, ஒரு டப்பாவைத் தூக்கினார். உள்ளே நசுங்கிய பஞ்சு, எல்லாம் சிவப்பு.

"இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார். குரலில் கேலி இல்லை. "இவர் என்கிட்ட ஷேவிங்குக்கு வந்துகிட்டிருந்தார். ஒரு நாள் கன்னத்துல லேசா ஒரு கீறல். எறும்பு கடிச்ச அளவுதான். நிக்கவே இல்ல அத்தான். துண்டு முழுக்க நனைஞ்சுது. அதோட தாடி வச்சுக்கிட்டார். எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு போலன்னு நினைச்சேன். வெளிய தெரிஞ்சா எவன் கழுத்தைக் காட்டுவான்? அதான் யார்கிட்டயும் சொல்லல."

"தாடி," என்றார் செக்கர். "இந்தச் சூட்டுல முழுக்கைச் சட்டை."

"ஆமா. நாமகூட அவருக்கு வெட்கம்னு கிண்டல் பண்ணோம்."

வாசலைத் தாண்டும்போது செக்கரின் கால் ஸ்டூல் பக்கம் தானாக நின்றது. "ஏம்மா, நீ எதுக்குக் காலையில ஜன்னலைப் பார்த்த?"

அவள் நிமிரவில்லை. "எல்லாரும் என்னையே பார்த்தாங்க ஐயா. நான் வேற எங்க பார்க்கிறது?"

"கையை ஏன் ஒளிச்ச?"

"ஊசி குத்திடுச்சு. இத்தனை நாள் தைக்கிறவ ஊசியைக் குத்திக்கிட்டான்னு சிரிப்பாங்களேன்னு."

செக்கருக்குக் காது சுட்டது. மச்சான் ஏதாவது நக்கலடிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் அடிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

*

இஸ்திரிக்காரர் வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. படிக்கட்டு செங்குத்து. செக்கரின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வாங்கியது. கதவைத் திறந்த மனைவியின் கையில் ஈரத் துண்டு. தண்ணீர் இளஞ்சிவப்பாகச் சொட்டியது.

உள்ளே அவர் சுவரில் சாய்ந்து, மூக்கை ஒரு துணியால் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாந்து பார்க்காதீங்க அண்ணே, தொண்டைக்குள்ள இறங்கும்," என்று மச்சான் ஓடிப்போய் அவர் தலையை முன்னால் குனிய வைத்தார். "மூக்கை இறுக்கிப் பிடிங்க. வாயால மூச்சு விடுங்க. எங்க தொழில்ல இரத்தம் பார்த்தா பயப்படக்கூடாது. சிந்த வச்சது நாமளா இருந்தா மட்டும் பயப்படலாம்."

செக்கர் அவருடைய முழுக்கையை மேலே தள்ளினார். கத்தரிக்காய் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாகக் கன்றிப்போயிருந்தது.

"யாரு தம்பி அடிச்சா?"

"யாரும் அடிக்கல ஐயா. மேஜை முனை லேசா இடிச்சாலே இப்படி ஆகுது."

மனைவிக்கு அடக்க முடியவில்லை. "இவருக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தியிருக்கு. இரும்பு வால்வு. அதுல இரத்தம் கட்டிடக்கூடாதுன்னு ஒரு மாத்திரை. தினமும் அதே நேரத்துக்குப் போடணும், மாசா மாசம் இரத்தம் சோதிக்கணும். சின்னக் காயம்னாகூட நிக்க நேரமாகும்னு அப்பவே சொன்னாங்க. ஒரு கீறலைக்கூட மறைக்காதேன்னாங்க. இவர் ஆளையே மறைச்சார்."

"கடையில சொல்றதுக்கு என்ன?"

"முன்னாடி இருந்த கடையில சொன்னேன்." துணிக்குப் பின்னாலிருந்து குரல் மூக்கடைத்து வந்தது. "நெஞ்சுல தையல் போட்ட ஆளு சூட்டுல நிக்க வேணாம்னு அன்பாத்தான் சொன்னாங்க. அன்பாவே அனுப்பிட்டாங்க."

"அப்போ அந்த மாத்திரைதான் ஆளு," என்றார் செக்கர். உடனே தெம்பு வந்துவிட்டது. "இந்த டாக்டருங்களை நம்பினா இப்படித்தான். தூக்கிப் போடு அதை."

"தூக்கிப் போட்டா வால்வுல இரத்தம் உறையும்," என்றாள் மனைவி. "அது பிய்ச்சுக்கிட்டு மூளைக்குப் போனா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். நீங்க வந்து தூக்கி விடுவீங்களா?"

"அத்தான், நீங்க பஸ்ஸை நிறுத்தலாம்," என்றார் மச்சான். "இதை நிறுத்த முடியாது."

மனைவி துண்டைப் பிழிந்தாள். "இத்தனை காலமா அதே மாத்திரைதான், இவ்வளவு மோசமா இருந்ததில்ல. இப்ப கொஞ்ச நாளாத்தான் பல் தேய்ச்சாலும் இரத்தம், தும்மினாலும் இரத்தம். எதனாலன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

செக்கர் இஸ்திரிக்காரரின் எதிரே குந்தினார். முழங்கால் முனகியது. "காலையில நான் அந்தப் பொண்ணைக் காட்டினப்போ நீ பக்கத்துலதான் நின்னே."

"நின்னேன் ஐயா."

"உன் இரத்தம்னு உனக்குத் தெரியும்."

அவர் குனிந்த தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "தெரியும். மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்கப் பார்த்தேன். மூக்குதான் திறந்துச்சு."

மச்சான் ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினார்.

*

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்குச் செக்கரின் பேத்தி வயது. செக்கருக்குப் பார்த்ததுமே நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவள் கைவேகத்தைக் குறை சொல்ல முடியவில்லை. மூக்கில் பஞ்சு திணித்தாள், இரத்தம் எடுத்து அனுப்பினாள். மலம் கறுப்பாகப் போகிறதா, தலையில் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டாள். இரண்டுக்கும் இல்லை என்றதும்தான் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"புதுசா வேற ஏதாவது மாத்திரை சேர்த்தீங்களா? வலிக்கு, காய்ச்சலுக்கு, நாட்டு மருந்து, ஏதாவது?"

இஸ்திரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பார்க்கும்படி ஒன்றுமில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான்.

செக்கரின் இரத்தம் சூடேறியது. காலையில் தப்பாகப் போன சூத்திரம் இதோ சரியாக வேலை செய்கிறது. ஒரு குற்றவாளி இருக்கிறான். வெளியே எங்கேயோ இருக்கிறான். அவனைப் பிடித்துவிட்டால் காலையில் நடந்ததற்கு ஈடுகட்டிவிடலாம்.

"பொய் சொல்லப் போறான் டாக்டரம்மா," என்றார். "இவனுக்கு யாரோ எதையோ குடுத்திருக்கான். அறிவு கெட்டவன். தம்பி, யாரு அவன்? பேரைச் சொல்லு, நான் பார்த்துக்கறேன்."

இஸ்திரிக்காரரின் கை சட்டைப் பைக்குப் போய் அதை மூடிக்கொண்டது.

"பாரு, பையில இருக்கு."

"ஐயா, வேணாம்."

"கையை எடு."

"ஐயா, சொன்னா கேளுங்க. கடையிலதான் வாங்கினேன். யாரும் குடுக்கல."

எத்தனையோ பேர் பையிலிருந்து எத்தனையோ பொய்யை உருவிய கை செக்கருடையது. அது இஸ்திரிக்காரரின் கையை விலக்கி, இரண்டு விரலால் மாத்திரை அட்டையை வெளியே இழுத்து, டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தது.

அட்டையின் மூலையில் பிறை நிலா மாதிரி ஒரு ஓட்டை. அதன் வழியாக விளக்கு தெரிந்தது.

மச்சான் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து செக்கர் அவர் வாய் தானாக மூடிப் பார்த்ததில்லை.

"தோள் வலிக்குதுன்னேன்," என்றார் இஸ்திரிக்காரர், தரையைப் பார்த்து. "ஐயா பாவம், தன் மாத்திரையையே குடுத்தார். அதுதான் நல்லா கேட்டுச்சு. தீரத் தீரக் குடுத்தார்."

தூக்கிப் பிடித்த கையைக் கீழே இறக்க வேண்டும் என்பது செக்கருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

"இது என்னுது," என்றார்.

டாக்டரம்மா திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டியிருப்பார். அவள் திட்டவில்லை. அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "இந்த வலி மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலாம் தாத்தா. இவருக்கு ஆகாது. இரத்தம் உறையாம இருக்கத்தான் அவர் ஏற்கனவே மருந்து எடுக்கறார். இதுவும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும், வயித்தையும் புண்ணாக்கும். ரெண்டும் சேர்ந்தா இரத்தம் நிக்காது. மூக்குல வந்ததால தெரிஞ்சுது. வயித்துக்குள்ள கசிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்காது."

"தெரியாம..." என்று ஆரம்பித்து, செக்கர் நிறுத்திக்கொண்டார். டிக்கெட் இல்லாத ஒவ்வொருத்தனும் அவரிடம் அந்த வார்த்தையில்தான் ஆரம்பித்திருக்கிறான்.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே குடுத்தீங்க, விடுங்க," என்றாள் டாக்டரம்மா. இஸ்திரிக்காரரிடம் திரும்பி, "பழைய மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேணாம், கூட்டவும் வேணாம். சோதனை வரட்டும், எவ்வளவுன்னு நான் சொல்றேன். வலிக்கு வேற தரேன். இனிமே யார் எதைக் குடுத்தாலும் முதல்ல இங்க கேளுங்க," என்றாள்.

மனைவி செக்கரைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

இஸ்திரிக்காரர் செக்கரின் கையைப் பிடித்தார். "உங்க மேல தப்பில்ல ஐயா. வேற மருந்து சாப்பிடறேன்னு நான் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாமே," என்றார் செக்கர். "ஊரையே கேள்வி கேட்கிறவன் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கடையில சொல்லிடுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. அந்தப் பொண்ணு எனக்காகப் போகக்கூடாது."

"உன் வேலை?"

இந்தத் தடவை அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, செக்கரையே பார்த்தார்.

*

செக்கரும் மச்சானும் போனபோது முதலாளியம்மா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். செக்கர் குனிந்து உள்ளே நுழைந்தார். வேலையாட்களை நிறுத்தச் சொன்னார், காலையில் நின்ற அதே வரிசையில்; பட்டன் தைக்கிற பெண் மட்டும் ஸ்டூலிலேயே இருந்தாள். எதிரே தான் நின்றுகொண்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தன் கண் தேடுவதை அவரே கவனித்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னார். இரத்தம் இஸ்திரிக்காரருடையது. அது நிற்காமல் போனதற்குக் காரணம் தன்னுடைய மாத்திரை. இந்தப் பெண்ணுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருக்கிறது என்று சொன்னது தன் வாய்.

"யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க," என்றார் முதலாளியம்மா.

"எல்லாரும் நினைக்கல. நான்தான் சொன்னேன்."

"இஸ்திரி போடறவர்..." முதலாளியம்மா இழுத்தார். "உடம்பு அப்படின்னா, நான் என்ன பண்றது? விடுதிக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது?"

பட்டன் தைக்கிற பெண் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள். இஸ்திரி மேஜைக்குப் போய் ஊக்கு டப்பாவை எடுத்து அலமாரியின் மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள்.

"ஊக்கு எதுக்கும்மா?" என்றாள். "அடையாளத் துணியை நான் நூலால ஒரு தையல் போட்டுத் தரேன். இழுத்தா வந்துடும். அவர் கையில ஊசியே படாது. துணியும் கிழியாது."

முதலாளியம்மா யோசித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

செக்கர் அவளருகே போனார். நிறைய சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். "தப்பு என்னுதும்மா," என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

"பரவாயில்ல ஐயா," என்றாள் அவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வெளியே வந்தார்கள். செக்கர் இடுப்பிலிருந்த பஞ்ச்சை எடுத்து ஒரு தரம் பார்த்து, மச்சானின் கையில் திணித்தார். மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இதை வச்சுக்கிட்டு எதுல அத்தான் ஓட்டை போடறது? என் பிழைப்புல ஏற்கனவே நிறைய இருக்கு."

செக்கர் நடக்க ஆரம்பித்தார்.

"விடுங்க அத்தான். அவரும் தப்பில்லன்னுட்டார், டாக்டரம்மாவும் விடுங்கன்னாங்க, அந்தப் பொண்ணே பரவாயில்லன்னுடுச்சு. இதுக்கு மேல என்ன?"

செக்கர் நின்றார். வாழ்நாள் முழுக்க டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். பழைய டிக்கெட்டை மடித்து நீட்டுகிறவன் எப்படி நீட்டுவான் என்று அவருக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்காமல் நீட்டுவான். அந்தப் 'பரவாயில்ல' அப்படித்தான் வந்தது. இறங்கிப் போனால் போதும் என்று நீட்டியது.

"நம்புங்க அத்தான். ஒரு தடவையாவது யாரையாவது நம்புங்க."

"நீ நம்பு," என்றார் செக்கர்.

முழங்கால் குத்தியது. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய், சலூனில் ஓட்டை போட்ட அட்டையைத் தொட்டு, எடுக்காமலே திரும்பியது. அவர் நொண்டிக்கொண்டே தெரு முனையைப் பார்த்து நடந்தார்.